வெசலே தேவாலயமும் விலகிய சுவர்களும்

ஒரு சிறு சோதனையுடன் தொடங்குவோம். கருவி எதுவும் வேண்டியதில்லை. உங்கள் உயரமுள்ள நண்பர் ஒருவரை உங்களுக்கு எதிரே ஐந்தடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். இருவரும் கைகளை நீட்டி, உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்து, முழங்கையை மடக்காமல் ஒருவர்மீது ஒருவர் சாயுங்கள். இப்போது நீங்கள் இருவரும் சேர்ந்து ஒரு வளைவு ஆகிவிட்டீர்கள். உங்கள் எடை நேராகக் கீழே இறங்குவதாகத்தான் நினைப்பீர்கள். ஆனால் பாதங்களைக் கவனியுங்கள். அவை வெளிப்பக்கமாக வழுக்கப் பார்க்கும். தரை சொரசொரப்பாக இருந்தால் நிற்கலாம். வழவழப்பான சிமெண்டுத் தரையானால் இருவரும் உட்கார்ந்துவிட வேண்டியதுதான். என் வகுப்பில் ஆண்டுதோறும் இரண்டு மாணவர்களைக் கொண்டு இதைச் செய்து காட்டுவதுண்டு. விழுந்தவர்கள் அந்தப் பாடத்தை மறப்பதில்லை.

வழுக்காமல் இருக்க என்ன செய்யலாம்? மூன்றாமவர் ஒருவர் உங்கள் குதிகாலுக்குப் பின்னால் தம் காலை அண்டை கொடுக்கலாம். அல்லது உங்கள் கணுக்கால்களையும் நண்பருடைய கணுக்கால்களையும் ஒரு நீளத் துண்டால் சேர்த்துக் கட்டலாம். முன்னது முட்டு, பின்னது கட்டு. கல்லால் வளைவு கட்டிய எல்லோருமே இந்த இரண்டில் ஒன்றையோ இரண்டையுமோ நாடியிருக்கிறார்கள். சுவரையே மலைபோல் கனமாக எழுப்பிவிடுவது மூன்றாவது வழி. ஆனால் கனத்த சுவரில் பெரிய சாளரம் திறப்பது கடினம். உள்ளே இருட்டாக இருக்கும்.

பாதத்தை வெளியே தள்ளும் இந்த ஒரே விசையால் ஒரு பெரிய கட்டடம் மெல்ல மெல்ல விரிந்து, விழும் நிலைக்கு வந்த கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். அந்தக் கட்டடம் பிரான்சு நாட்டில் ஒரு சிற்றூரின் குன்றின்மேல் நிற்கிறது.

குன்றும் கூட்டமும்

பாரிஸ் நகரிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில், பர்கண்டிப் பகுதியில் வெசலே என்னும் ஊர் உள்ளது. திராட்சைத் தோட்டங்களும் புல்வெளிகளும் சூழ்ந்த குன்று. அடிவாரத்திலிருந்து ஒரே ஒரு தெரு வளைந்து வளைந்து மேலேறுகிறது. அதன் முடிவில், ஊருக்குச் சற்றும் பொருந்தாத அளவில், 120 மீட்டர் நீளமுள்ள தேவாலயம். ஊரில் வசிப்பவர்கள் இன்று ஐந்நூறு பேர்கூட இல்லை. இவ்வளவு சிறிய ஊருக்கு இவ்வளவு பெரிய கோயில் எதற்கு என்று யாருக்கும் கேட்கத் தோன்றும்.

விடை யாத்திரிகர்களிடம் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கே ஒரு துறவியர் மடம் நிறுவப்பட்டது. பதினோராம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஏசுவின் சீடரான மகதலேனா மரியாளின் எலும்புகள் தங்களிடம் இருப்பதாக மடத்தார் அறிவித்தார்கள். செய்தி பரவியது. கூட்டம் திரண்டது. ஸ்பெயின் நாட்டின் சந்தியாகோ நகருக்கு நடந்து செல்லும் யாத்திரிகர்கள் ஒன்றுகூடிப் புறப்படும் இடங்களில் ஒன்றாகவும் வெசலே ஆயிற்று. கூட்டம் என்றால் காணிக்கை. காணிக்கை என்றால் கட்டடம்.

ஆர்த்தோ என்ற மடத்தலைவர் பழைய கோயிலை இடித்துப் பெரிதாகக் கட்டத் தொடங்கினார். 1104-ஆம் ஆண்டில் அதன் பீடப் பகுதி அர்ச்சிக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 1106-இல், ஆர்த்தோவை ஊர்மக்களே கொன்றுவிட்டார்கள். கட்டட வேலைக்காகச் சுமத்தப்பட்ட வரிப்பளு அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. பழங்கால நினைவுச் சின்னங்களை அண்ணாந்து பார்த்து வியக்கும்போது, இதற்குப் பணம் கொடுத்தவர்கள் யார் என்ற கேள்வியையும் நாம் கேட்பதில்லை. வெசலேயில் அவர்கள் தாங்களாகவே எழுந்து பதில் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்து வந்தது நெருப்பு. 1120-ஆம் ஆண்டு ஜூலை மாதம், மரியாளின் திருநாளுக்கு முந்திய இரவில், யாத்திரிகர்கள் நிறைந்திருந்த பழைய கூடம் தீப்பிடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாகப் பழைய குறிப்பு ஒன்று கூறுகிறது. அக்காலக் குறிப்புகளில் எண்கள் தாராளமாகவே இருக்கும். ஆனாலும் பெரும் விபத்து என்பதில் ஐயமில்லை.

மரக்கூரை எளிதில் எரியும். கல்லால் கூரை போட்டால் எரியாது. ஆகவே மீண்டும் கட்டியபோது கூரையைக் கல்லிலேயே வளைத்தார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகளில், 1140-ஐ ஒட்டி, புதிய நடுக்கூடம் எழுந்தது. நீளம் சுமார் 62 மீட்டர். உயரம் சுமார் 18 மீட்டர், அதாவது ஐந்து மாடி வீட்டின் உயரம். பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு தாழ்வான பக்கக் கூடங்கள். நாம் பேசப்போவது இந்த நடுக்கூடத்தைப் பற்றித்தான்.

இருட்டா, வெளிச்சமா?

கல்லால் கூரை வேய எளிய முறை ஒன்று உண்டு. ஒரு பீப்பாயை நீளவாக்கில் பாதியாக அறுத்துக் கவிழ்த்தது போன்ற வடிவம். பீப்பாய்க் கூரை என்று சொல்லலாம். அதன் தள்ளுவிசை சுவரின் முழு நீளத்திற்கும் சீராகப் பரவுகிறது. எந்த இடத்திலும் சுவர் பலவீனமாக இருக்கக் கூடாது. எனவே கூரைக்கு அடியில் சாளரம் திறக்க அஞ்சுவார்கள். திறந்தாலும் சிறியதாகவே திறப்பார்கள்.

வெசலேயின் சிற்பிகள் வேறு முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு பீப்பாய்களைச் செங்குத்தாகக் குறுக்கிட வைத்தால் கிடைக்கும் வடிவம் அது. ஒரு சதுரத் துணியை நான்கு மூலைகளிலும் பிடித்துக்கொண்டு, நடுவே காற்று மேல்நோக்கி ஊதினால் எப்படி உப்பும்? ஏறக்குறைய அப்படி. இந்தக் குறுக்கு வளைகூரையில் எடையும் தள்ளுவிசையும் நான்கு மூலைகளுக்கு மட்டுமே வந்து சேர்கின்றன. மூலைக்கும் மூலைக்கும் நடுவே உள்ள சுவருக்குச் சுமை அதிகமில்லை. அங்கே தாராளமாகச் சாளரம் திறக்கலாம்.

நடுக்கூடத்தில் இப்படிப் பத்துக் கட்டங்கள் வரிசையாக உள்ளன. கட்டத்திற்கும் கட்டத்திற்கும் இடையே ஓர் அரைவட்ட வளைவு குறுக்கே செல்கிறது. வெளிர் நிறக் கல்லும் பழுப்பு நிறக் கல்லும் மாறி மாறி வைத்துக் கட்டிய வளைவுகள் அவை. சாளரங்கள் உயரத்தில், கூரைக்கு நேர் கீழே. அந்தக் காலத்துத் தேவாலயங்கள் பலவற்றில் பகலிலும் மெழுகுவர்த்தி தேவைப்பட்டது. வெசலேயில் வெளிச்சம் வெள்ளமாய்ப் பாய்ந்தது.

இப்போது பாதம் வழுக்கும் பிரச்சினைக்கு வருவோம். மூலைகளில் குவிந்த தள்ளுவிசையை யார் தாங்குவது? வெளியே முட்டுச்சுவர் எழுப்பலாம் என்பீர்கள். ஆனால் நடுக்கூடத்துச் சுவருக்கு வெளியே வெட்டவெளி இல்லை. பக்கக் கூடம் இருக்கிறது. நடுக்கூடத்துச் சுவர் தூண்கள்மீது ஏறி நின்று, பக்கக் கூடத்தின் கூரைக்கும் மேலே தனியாக உயர்கிறது. தள்ளுவிசை செயற்படுவது அந்தத் தனித்த உச்சியில்தான். அங்கே முட்டுக் கொடுக்க வேண்டுமானால் பக்கக் கூடத்தைத் தாண்டி, பாலம்போல் பாய்ந்து வர வேண்டும். அப்படிப் பாயும் முட்டு வளைவுகளைப் பிற்காலத்துக் கோதிக் தேவாலயங்களில் படங்களில் பார்த்திருப்பீர்கள். அவை பரவலாகப் பயனுக்கு வந்தது 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். 1120-இல் வெசலேக்காரர்களுக்கு அந்த வழி கிடைத்திருக்கவில்லை.

இன்னொரு வழியும் இருந்தது. சுவரில் சாய்த்த ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். ஏணி எவ்வளவு செங்குத்தாக நிற்கிறதோ அவ்வளவு குறைவாகவே அடி வழுக்கும். வளைவும் அப்படித்தான். அரைவட்டத்திற்குப் பதிலாக உச்சி கூரான வளைவு கட்டினால் பக்கங்கள் செங்குத்தாகும், தள்ளுவிசை குறையும். அதே பர்கண்டியில், 1088-இல் தொடங்கப்பட்ட குளூனி மடத்துப் பெருங்கோயில் கூர் வளைவுகளோடுதான் எழுந்துகொண்டிருந்தது. அதிலும்கூட 1125-ஆம் ஆண்டு கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பிறகு பழுது பார்த்தார்கள். வெசலேயின் சிற்பிகள் பக்கத்து ஊர் உதாரணத்தை விட்டுவிட்டு அரைவட்டத்தையே பிடித்துக்கொண்டார்கள். தள்ளுவிசை மிகுந்த வடிவம், தாங்க முட்டு இல்லாத சுவர், அதிலும் பெரிய சாளரங்கள். இயற்பியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு இது ஆபத்தான தேர்வாகவே படுகிறது.

அவர்கள் விவரம் அறியாதவர்கள் அல்லர். சுவருக்குள்ளேயே நீளவாக்கில் மர உத்திரங்களைப் பதித்து, அவற்றோடு இரும்புக் கொக்கிகளைப் பொருத்தி, கூடத்தின் குறுக்கே இரும்புக் கம்பிகளால் இழுத்துக் கட்டும் ஏற்பாடு செய்திருந்தார்கள். நம் சோதனையில் வந்த துண்டின் வேலை இது. ஏற்பாடு சரியானதே. ஆனால் காற்றுப் புகாத சுவருக்குள் அடைபட்ட மரம் காலப்போக்கில் உளுத்துப்போகும். மரம் போனால் கொக்கிக்குப் பிடிப்பு ஏது?

கூடத்தை முடித்த கையோடு மேற்குப் பக்கத்தில் முன்மண்டபம் ஒன்றைக் கட்டினார்கள். 1140-களின் வேலை அது. அங்கே போய் அண்ணாந்து பார்த்தால் ஒரு மாற்றம் தெரிகிறது: வளைவுகளின் உச்சி கூராகிவிட்டது! அரைவட்டத்தின் குறும்பை இருபதாண்டுகளுக்குள் அவர்கள் கண்டுகொண்டார்கள் என்றே நான் எண்ணுகிறேன்.

கல் எப்படி நகர்கிறது?

கல் வளைவு என்பது ஒன்றோடொன்று ஒட்டிய பொருள் அல்ல. ஆப்பு வடிவக் கற்களை அடுக்கியது. சுண்ணாம்புச் சாந்து இடைவெளியை நிரப்புமே தவிர, இழுத்தால் பிடித்துக்கொள்ளாது. எனவே வளைவுக்குள் அமுக்க விசை மட்டுமே செல்ல முடியும், இழுவிசை செல்லாது. அமுக்க விசை உச்சியிலிருந்து கல்லுக்குக் கல் தாவி அடிவரை இறங்கும் பாதையை ஒரு கோடாக வரையலாம். அந்தக் கோடு கல்லின் தடிப்புக்கு உள்ளேயே இருக்கும்வரை வளைவு நிற்கும். வெளியே போனால் விழும்.

அந்தக் கோட்டின் வடிவம் என்ன? 1675-ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் இராபர்ட் ஹூக் இதற்கு அழகான விடை கண்டார். சைக்கிள் சங்கிலி ஒன்றை இரு முனைகளிலும் பிடித்துத் தொங்கவிடுங்கள். அது தொங்கும் வடிவத்தைத் தலைகீழாகத் திருப்பினால் அதுவே வளைவுக்கு ஏற்ற வடிவம். சங்கிலியில் இழுவிசை மட்டுமே உண்டு. திருப்பினால் அமுக்க விசை மட்டுமே. சங்கிலியின் வடிவம் அரைவட்டம் அல்ல என்பதை நீங்களே காண்பீர்கள். அரைவட்ட வளைவு நிற்கிறது என்றால், அதன் தடிப்புக்குள் தலைகீழ்ச் சங்கிலி ஒன்று எப்படியோ அடங்கியிருக்கிறது என்று பொருள். தன் எடையை மட்டும் தாங்கும் அரைவட்ட வளைவுக்கு, ஆரத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாவது தடிப்பு வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆரம் 5 மீட்டர் என்றால் தடிப்பு ஏறத்தாழ 54 சென்டிமீட்டர். இதைத் திருத்தமாகக் கணக்கிட்டவர் செர்பியரான மிலங்கோவிச், ஆண்டு 1907. பூமியின் பனியுகங்களுக்கும் அதன் பாதை மாற்றங்களுக்கும் தொடர்பு காட்டிப் புகழ்பெற்ற அதே மிலங்கோவிச்தான். அவர் முதலில் கட்டடப் பொறியாளர்.

இப்போது வளைவின் இரு பாதங்களும் சற்றே விலகுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு விரற்கடை விலகினாலும் வளைவு அந்த நீளத்தைச் சமாளித்தாக வேண்டும். கல் நீளாது. ஆகவே மூன்று இடங்களில் விரிசல் விட்டுக் கீல்போல் மடங்குகிறது. உச்சியில் விரிசல் கீழ்ப்பக்கமாக வாய் பிளக்கும். இரு தோள்களிலும் மேற்பக்கமாக வாய் பிளக்கும். உச்சி சற்றே கீழே இறங்கும். பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் வியப்பு என்னவென்றால், மூன்று கீல்களோடு வளைவு விழுவதில்லை. மூன்று கீல் வளைவு சமநிலையில் நிற்கக்கூடியதே. கல்லின் இந்தப் பொறுமைதான் பழங்கட்டடங்களைக் காப்பாற்றி வந்திருக்கிறது. நான்காவது கீல் தோன்றினால் மட்டுமே எல்லாம் முடிந்தது.

வெசலேயில் நடந்தது இதுதான். சுவர்களின் உச்சி வெளிப்பக்கம் சாய்ந்தது. அரைவட்டமாக இருந்த வளைவுகள் அமுங்கி, மட்டமான வளைவுகளாக மாறின. பிற்காலத்தார் வெளியே முட்டு வளைவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அவை போதவில்லை. சுவர்கள் விலகிக்கொண்டே இருந்தன.

உயர்வும் தாழ்வும்

கூடம் கட்டி முடித்த சில ஆண்டுகளில் வெசலேயின் புகழ் உச்சிக்குப் போயிற்று. 1146-ஆம் ஆண்டு மார்ச் 31, ஈஸ்டர் திருநாள். கிளேர்வோ மடத்துத் தலைவர் பெர்நார்து, ஏழாம் லூயி மன்னரின் முன்னிலையில் இரண்டாம் சிலுவைப் போருக்கு இங்கே அறைகூவல் விடுத்தார். கூட்டம் கோயிலுக்குள் கொள்ளாமல் குன்றின் சரிவிலே கூடியது. 1190-இல் மூன்றாம் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட பிரெஞ்சு மன்னர் பிலிப்பும் ஆங்கில மன்னர் ரிச்சர்டும் இங்கேதான் சந்தித்தார்கள். 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பழைய பீடப் பகுதியை எடுத்துவிட்டு, மெல்லிய தூண்களும் கூர் வளைவுகளுமாக, கோதிக் பாணியில் புதியதைக் கட்டினார்கள்.

பிறகு இறங்குமுகம். 1279-இல் தென்பிரான்சின் சன்-மாக்சிமன் என்ற ஊரில் மகதலேனா மரியாளின் எலும்புகள் கண்டெடுக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. 1295-இல் போப்பாண்டவரும் அதை ஏற்றுக்கொண்டார். ஒருவருக்கு இரண்டு உடல் இருக்க முடியுமா? யாத்திரிகர்கள் தெற்கே திரும்பிவிட்டார்கள். காணிக்கை வற்றியது. பழுது பார்க்கப் பணம் இல்லை. 1569-இல் மதப்போரின்போது கொள்ளை. பிரெஞ்சுப் புரட்சியின்போது மடத்துக் கட்டடங்கள் விற்கப்பட்டு இடிக்கப்பட்டன. வெளிவாயிலின் சிற்பங்கள் உடைக்கப்பட்டன. 1819-இல் கோபுரத்தின்மீது இடி விழுந்தது. இத்தனைக்கும் நடுவே, இரவு பகல் ஓயாமல், அந்தத் தள்ளுவிசை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நல்லவேளையாக ஒரு சிற்பம் தப்பியது. முன்மண்டபத்திலிருந்து நடுக்கூடத்திற்குள் நுழையும் வாயிலின் மேலே, அரைவட்டப் பலகை முழுவதும் செதுக்கிய காட்சி. நடுவே ஏசு, அவர் விரல்களிலிருந்து ஒளிக்கதிர்கள் சீடர்களை நோக்கிச் செல்கின்றன. உலகெங்கும் போய்ப் போதிக்க அனுப்புகிறார். சுற்றிலும் உலகத்து மக்கள். ஏணி வைத்துக் குதிரை ஏறும் குள்ளர்கள், முறம்போன்ற காதுடையவர்கள், நாய்த் தலை மனிதர்கள்! நாய்த் தலையர் நம் இந்தியாவில் வாழ்வதாக, ஏசு பிறப்பதற்கு 400 ஆண்டுகள் முன்பே கிரேக்கரான தேசியாஸ் எழுதிவைத்தார். அந்தக் கதை 1,500 ஆண்டுகள் நடந்து பர்கண்டிக் குன்றில் கல்லாகச் சமைந்திருக்கிறது. நம்மை நாய்த் தலையராக நினைத்தார்களே என்று சிரிக்கலாம். போய்ப் பார்க்காமல் ஏடு பார்த்துச் செதுக்கினால் இப்படித்தான். சுற்று வளைவில் பன்னிரு இராசிகளும், அந்தந்த மாதத்து உழவு வேலைகளும் உள்ளன. இவற்றைத் தம் கண்ணால் பார்த்துச் செதுக்கியிருக்கிறார்கள் என்பது அறுவடைக்காரனின் முதுகு வளைவிலேயே தெரிகிறது.

இருபத்தாறு வயது இளைஞர்

1834-இல் பிரான்சு அரசின் பழஞ்சின்னங்களுக்குத் தலைமை ஆய்வாளராக எழுத்தாளர் புரோஸ்பர் மெரிமே அமர்ந்தார். பின்னாளில் ‘கார்மென்’ கதையை எழுதியவர் இவரே. அந்த ஆண்டே வெசலேக்கு வந்து, கூடத்திற்குள் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தபோது, கூரையிலிருந்து சிறு கற்கள் கழன்று தம்மைச் சுற்றி விழும் ஓசை கேட்டதாக எழுதியிருக்கிறார். இன்னும் காலம் தாழ்த்தினால் கோயிலை நாமே இடிக்க வேண்டியிருக்கும் என்று அரசை எச்சரித்தார்.

வேலையை யாரிடம் கொடுப்பது? கைதேர்ந்த மூத்தவர்கள் தயங்கக்கூடிய வேலை. ஒரு வளைவைத் தொட்டால் பக்கத்து வளைவு விழலாம். கூரை போனால் சாய்ந்த சுவர்களும் போகும். 1840-இல் மெரிமே தேர்ந்தெடுத்தவர் எழேன் வியோலே-ல-டுக். அப்போது அவருக்கு வயது 26. கட்டடக் கலைக் கல்லூரிக்குப் போக மறுத்து, ஊர் ஊராய்ச் சுற்றிப் பழங்கட்டடங்களை வரைந்து பழகியவர். பெரிய கட்டடம் எதையும் அவர் அதுவரை சீரமைத்ததில்லை. பட்டம் இல்லாத ஒருவரிடம் இப்படி ஒரு பொறுப்பை இன்று எந்த அலுவலகமாவது ஒப்படைக்குமா என்பது ஐயமே.

அவர் அவசரப்படவில்லை. முதலில் வளைவுகளுக்கு அடியில் மரச் சாரம் கட்டித் தாங்கினார். நம் சோதனையில், சாய்ந்து நிற்பவர்களுக்கு அடியில் ஒரு மேசையை நகர்த்துவது போன்றது இது. பிறகு, பயன்படாத பழைய முட்டு வளைவுகளை எடுத்துவிட்டுப் புதியவற்றைக் கட்டினார். வெளியே பிடிமானம் கிடைத்த பின்னரே உள்ளே கை வைத்தார். அமுங்கிப்போன குறுக்கு வளைவுகளைப் பிரித்து மறுபடி கட்டினார். வேலை முழுதும் முடிய 1859 ஆயிற்று. அதற்குள் அவர் பாரிஸ் நோத்ர்-தாம் உட்படப் பல கோயில்களின் பொறுப்பை ஏற்றுப் புகழ் பெற்றுவிட்டார்.

சுவருக்குள் உளுத்த மர உத்திரங்களையும் இரும்புக் கொக்கிகளையும் பற்றி நமக்குச் சொன்னவரும் அவரே. பழுது பார்க்கத் திறந்த இடத்தையெல்லாம் ஆராய்ச்சிக்கூடம்போல் கவனித்து, அளந்து, தம் பெரிய கட்டடக் கலை அகராதியில் எழுதிவைத்தார்.

அவரை எல்லோரும் பாராட்டவில்லை. பாராட்டாததற்குக் காரணமும் இருக்கிறது. நடுக்கூடத்தின் கிழக்குக் கோடியில் சில கட்டங்களின் கூரை முன்பே விழுந்து, இடைக்காலத்திலேயே கோதிக் பாணியில் மாற்றிக் கட்டப்பட்டிருந்தது. வியோலே அவற்றை எடுத்துவிட்டு, மற்றக் கட்டங்களைப்போலவே 12-ஆம் நூற்றாண்டுப் பாணியில் கட்டினார். இன்று கூடத்தின் மேற்குக் கோடியில் நின்று பார்த்தால் பத்துக் கட்டங்களும் ஒரே சீராகத் தோன்றும். அந்தச் சீர் 1840-களில் வந்தது. வெளிவாயிலின் மேலுள்ள இறுதித் தீர்ப்புச் சிற்பமும் 19-ஆம் நூற்றாண்டுக்காரரான மிசேல்-பஸ்கால் செதுக்கியது. சிதைந்த தூண்தலைகள் சிலவற்றுக்குப் பதில் புதியவற்றைச் செதுக்கி வைத்தார்கள். மூலங்களை அங்குள்ள அருங்காட்சியகத்தில் காணலாம்.

விழும் கட்டடத்தை நிறுத்துவது வேறு. அதன் வரலாற்றைத் திருத்தி எழுதுவது வேறு. முட்டு வளைவுகளை மாற்றியது கணக்குத் தேவை. அதைக் குறைகூற முடியாது. நின்றுகொண்டிருந்த கோதிக் கூரையை எடுத்ததற்கு அந்தச் சமாதானம் பொருந்தாது என்பது என் கருத்து. அது அவருடைய அழகுணர்ச்சியின் தேவை. ஒரு பரிசோதனையில் கிடைத்த அளவீடுகளில், வரைகோட்டுக்கு ஒத்துவராத புள்ளிகளை அழித்துவிடும் மாணவனை நாம் கண்டிப்போம் அல்லவா? ஆனால் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அந்த மாணவன் இல்லாவிட்டால் பரிசோதனையே எரிந்து சாம்பலாகியிருக்கும். 1979-இல் யுனெஸ்கோ வெசலேயை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

நண்பகல் புள்ளிகள்

எந்த வெளிச்சத்துக்காக இத்தனை ஆபத்தையும் ஏற்றார்களோ, அதைப் பற்றி ஒரு செய்தி பாக்கியிருக்கிறது. 1976-ஆம் ஆண்டில் அங்கிருந்த துறவி ஒருவர் கவனித்து வெளியிட்டது. ஜூன் மாதம் 21-ஆம் நாளை ஒட்டி, சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில், தெற்குச் சாளரங்கள் வழியே விழும் ஒளிப்பட்டைகள் நடுக்கூடத்துத் தரையின் நட்டநடுவே, வாயிலிலிருந்து பீடத்தை நோக்கி, ஒரே வரிசையாக அமைகின்றன. டிசம்பரிலோ அந்த ஒளி வடக்குப் பக்கத்துத் தூண்தலைகளின்மேல் ஏறிக்கொள்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெசலேயின் அட்சரேகை 47½ பாகை. ஜூன் 21 நண்பகலில் சூரியனின் உயரம் 90-இல் 47½ கழித்து 23½ கூட்ட, 66 பாகை. கூடம் 10 மீட்டர் அகலம், சரியாகக் கிழக்கு மேற்காக உள்ளது என்று கொள்வோம். ஒளி நடுவில், அதாவது சுவரிலிருந்து 5 மீட்டரில் விழ, சாளரத்தின் உயரம் 5 பெருக்கல் 66 பாகையின் டேன்ஜெண்ட். அதாவது 11 மீட்டரும் சொச்சமும். கூரைக்குச் சற்றுக் கீழே அமைந்த சாளரத்திற்குப் பொருத்தமான உயரம்தான். அதே சாளரம் வழியே டிசம்பரில் சூரியன் 19 பாகை உயரத்தில் இருக்கும்போது, ஒளி எதிர்ச் சுவரை எட்டும்முன் மூன்றரை மீட்டர் மட்டுமே இறங்கும். தரையைத் தொடவே தொடாது.

இது திட்டமிட்டதா, தற்செயலா? பலரும் இதைப் பெரிய இரகசியம்போல் எழுதுகிறார்கள். எனக்குச் சற்றுத் தயக்கம் உண்டு. ஜூன் 21-க்கு இரண்டு வாரம் முன்னோ பின்னோ பார்த்தாலும் சூரியனின் நண்பகல் உயரம் ஒரு பாகைகூடக் குறைவதில்லை. தரையில் ஒளி விலகுவது 20 சென்டிமீட்டர் அளவுதான். எனவே அந்த ஒரு நாளைக் குறிபார்த்து அமைத்தார்கள் என்று நிறுவ இது போதாது. 12-ஆம் நூற்றாண்டின் ஜூலியன் நாட்காட்டி ஒரு வாரம் பிசகியிருந்தது. சூரியன் திரும்பும் நாள் அன்று ஜூன் நடுவிலேயே வந்துவிடும். ஆனால் மிக நீண்ட நாட்களில் ஒளி எங்கே விழும் என்று சாரத்தின்மேல் நின்ற கொத்தனாருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. கோடை முழுதும் அவர் அந்த வெயிலில் நின்றுதானே வேலை பார்த்தார்!

அங்கே போக வாய்ப்புக் கிடைத்தால் கடிகாரத்தை நம்பி 12 மணிக்கு நின்று ஏமாறாதீர்கள். பிரான்சின் கோடைக்காலக் கடிகாரம் சூரியனைவிட வெகுவாக முந்தி ஓடுவது. வெசலேயில் சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் 1 மணி 47 நிமிடத்தை ஒட்டி. அப்போது கூடத்தின் நடுவில் நில்லுங்கள். அடுத்த ஒரு மணி நேரத்தில் ஒளிப்பட்டைகள் கிழக்கே ஏறத்தாழ 3 மீட்டர் நகரும். பக்கவாட்டில் விலகுவது ஒரு சாண் அளவுகூட இருக்காது. நடுக்கோட்டை விட்டுப் பெரிதாக விலகாமலே, நிமிடத்திற்கு 5 சென்டிமீட்டர் வீதம், அவை பீடத்தை நோக்கிப் போகும்.